ஒரு வாக்கியம் குறைந்த மாலைகள்

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து வந்த பெயர். உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பின் இரண்டு மூலைகளை அவள் பிடித்தால், எதிர்ப்பக்கம் நிற்பவள் மற்ற இரண்டையும் பிடிப்பதற்குள் பாதி மடிப்பு முடிந்திருக்கும். துவைக்க வரும் விரிப்பைத் தொட்டே சொல்லிவிடுவாள்: இந்த அறையில் இருந்தவர் தூங்கவே இல்லை, இதில் சின்னக் குழந்தை படுத்திருந்தது, இதில் யாரோ உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்குமா என்று யார் போய்க் கேட்டார்கள்? ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மறுத்துப் பேச வாய் வராது.

இரண்டு வருடத்துக்கு முன் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு அவள் இடது முழங்கையில் அடித்தது. தோல் உரிந்து போயிற்று. கடல் தாண்டி வேலை பார்க்கும் ஒரே மகன் அன்றைக்கே போனில் அழுதான். “நீ இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணும்மா.”

அவள் சத்தியம் பண்ணினாள். கட்டுப் பிரித்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள்.

பாவிதான். ஆனால் அவள் பக்கத்தையும் கேட்க வேண்டாமா? ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கை சும்மா இருக்க மறுத்தது. துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். கணவரின் சட்டைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “வீட்டுச் சுவரெல்லாம் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுதுங்க” என்றாள். பேருந்துப் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றிருந்த அவரோ, “என்னைப் பார்த்தும்தான் விடுது, நான் ஒண்ணும் சொல்றதில்லையே” என்றார். அதோடு சரி. மகனிடம் மட்டும் மூச்சு விடுவதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம்.

அந்த மகன்தான் போன வருடம் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அரபு பேசும் பெண். தமிழில் ஒரு சொல் தெரியாது. இவளுக்கோ அரபியில் ஒரு சொல் தெரியாது. போனில் இருவரும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், கையை ஆட்டுவார்கள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி சிரிப்பார்கள். கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். “அம்மா, சாயங்காலம் ஆனா உலகத்துல எல்லாப் பொம்பளைங்களும் ஒரே வேலையைத்தான் செய்யறீங்க. தினமும் என்ன செய்வீங்களோ அதைப் பதினோரு வாக்கியமா சொல்லித் தர்றேன். நீ இங்க அனுப்பு, அவ அங்கிருந்து அனுப்பட்டும்.”

அப்படியே ஆளுக்குப் பதினோரு வாக்கியம் சொல்லி, தன் குரலில் பதிவு செய்து, பொருளும் சொல்லி அனுப்பினான். ‘குல்ல மஸாஇன்’ என்று தொடங்கும். ஒவ்வொரு மாலையும் என்று அர்த்தம். ஒவ்வொரு மாலையும் கொடியிலிருந்து துணி எடுக்கிறேன். ஒவ்வொரு மாலையும் விளக்கைப் போடுகிறேன். ஒவ்வொரு மாலையும் தேநீர் குடிக்கிறேன். மருமகளுடைய பட்டியலில் ஐந்தாவது, ‘யர்ஜிஉ ஸவ்ஜீ மினல் அமல்.’ என் கணவர் வேலையிலிருந்து வீடு திரும்புகிறார். இவளுடைய பட்டியலில் ஐந்தாவது, ‘அஜ்லிஸு ஃபில் பைத்.’ நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை முடிந்து ஆறு மணிக்குச் சலவைக்கூடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் போய், இயந்திரச் சத்தம் கேட்காமல் போனைத் தாவணிப் பெண் மாதிரி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, “அஜ்லிஸு ஃபில் பைத்” என்று அவள் மருமகளிடம் தினமும் பொய் சொன்னாள். அங்கே பொழுது ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே எட்டு அடிக்கும்போது மருமகளின் பதினொன்றும் வந்து சேரும். கேட்டு முடித்தால்தான் இவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு திங்கட்கிழமை, பத்துதான் வந்தது.

எது விட்டுப் போயிற்று என்று அவளுக்கு உடனே தெரிந்தது. நான்காவது முடிந்ததும் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு நேரே ஆறாவது. ‘என் கணவர் வேலையிலிருந்து வீடு திரும்புகிறார்’ இல்லை.

மறந்திருப்பாள் என்று படுத்தாள். செவ்வாய்க்கிழமையும் பத்து. புதன்கிழமை விரல் விட்டு எண்ணினாள். ஒரு விரல் மடங்காமலே நின்றது.

மகனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் எழுத்தாக வந்தது: ‘வேலை அதிகம்மா. நல்லா இருக்கேன். அப்புறம் பேசறேன்.’

“பாரு, அவனே சொல்லிட்டான்” என்றார் கணவர்.

“எழுத்து யாருக்கும் ஒரே மாதிரிதாங்க இருக்கும். குரலைக் கேட்டாத்தானே பிள்ளை?”

“இந்தா பாரு, நீ ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தா எனக்கும்தான் தூக்கம் போகுது. சும்மா இரு.”

சும்மா இருப்பதா? அவளா?

வியாழக்கிழமை வேலையில் ஒரு விரிப்பைக் குறுக்காக மடித்துவிட்டாள். எதிரே நின்றவள் ஆடிப்போனாள். அவள் இவளைவிடப் பத்து வயது சின்னவள். வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பதால் ஊசிவெடி என்று பெயர்.

“என்னக்கா, உங்க கையா இப்படி மடிச்சுது? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுதுன்னு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

அடக்க முடியாமல் மடிப்பக்கா சொல்லிவிட்டாள். ஊசிவெடி இயந்திரத்தை விட்டு ஓர் அடி பின்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“புருஷன் வீட்டுக்கு வர்றார்ங்கறது மட்டுமா இல்ல?”

“அது மட்டும்தான்.”

“அப்ப புருஷன் வீட்டுக்கு வரல. இதுக்கு அரபி எதுக்குக்கா? சண்டை. உங்க பிள்ளை கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டான்.”

“என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லடி.”

“எல்லா அம்மாவும் இதேதான் சொல்றாங்க. எங்க மாமியாரும்தான் சொல்லுச்சு. நான் கட்டிக்கிட்டுல்ல பாத்தேன்!”

சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. சொல் முள்ளாகக் குத்தி உள்ளேயே நின்றுவிட்டது. அன்று மாலை மகனுக்கு எழுதினாள்: ‘ஒரு பெண்ணைக் கலங்க வைத்துவிட்டு நீ எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய்? உன்னை நான் அப்படியா வளர்த்தேன்?’ பதில் வந்தது: ‘அப்படி ஒண்ணும் இல்லம்மா.’ அவ்வளவுதான். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது கதை பேசுகிற பிள்ளை!

மூன்றே மூன்று சொல். அவள் அதைப் படித்தாள், படுத்தாள், எழுந்து மறுபடி படித்தாள்.

கேட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஓட்டலின் துணி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வேன்காரர் அந்த நாட்டில் பத்து வருடம் வண்டி ஓட்டியவர். அரபு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவருக்கு வானொலி என்று பெயர். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால், வேன் ஒரு சுற்றுப் போய்த் திரும்புவதற்குள் சமையல்கட்டு முதல் வாசல் காவலாளி வரை ஒலிபரப்பாகிவிடும். மகன் பெண்டாட்டியை விட்டுப் போய்விட்டான் என்பது ஊர் வாயில் விழவா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமையும் பத்து.

சனிக்கிழமை மாலை தொட்டி மறைவில் போய் நின்று போனை எடுத்தாள். நான்கு வாக்கியம் சொன்னாள். ஐந்தாவதில் நின்றுவிட்டாள். ‘நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஐந்து நாளும் அந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள்? பொய்யான ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டாள். அவ்வளவு சின்னப் பெண், அவ்வளவு சுத்தம்! நானோ? ஒரு வருடமாக நாக்கு நடுங்காமல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு... எந்த முகத்தோடு அவளிடம் உண்மையைக் கேட்பேன்? கண்ணில் நீர் திரண்டது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த கையோடு விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

நேரே சலவைக்கூடத்துக்குள் போனாள். உருளை இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நீராவி உஸ்ஸென்று சீறியது. மாலை வேலைக்காரர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கத்திப் பேசினார்கள். அத்தனை சத்தத்துக்கும் நடுவில் நின்று போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

‘அனா’ என்றால் நான். ‘ஃபில் பைத்’ என்றால் வீட்டில். அமல் என்றால் வேலை. மருமகளின் விட்டுப்போன வாக்கியத்தில் அந்தச் சொல் இருந்தது. மகன் சொல்லித் தராத ஒரு வாக்கியத்தை முதன்முதலாக அவளே கட்டினாள்.

“குல்ல மஸாஇன்... அனா ஃபில் அமல்.” ஒவ்வொரு மாலையும் நான் வேலையில் இருக்கிறேன்.

அதற்கு மேல் அரபி இல்லை. தமிழில் கேட்டாள். “என் பிள்ளை எங்கம்மா?”

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அக்கா, நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா?” என்று ஊசிவெடி கேட்டது காதில் ஏறவில்லை.

எட்டு மணிக்கு வர வேண்டிய பதில் எட்டே நிமிடத்தில் வந்தது. பத்து இல்லை, பதினொன்று இல்லை. ஒரே ஒரு வாக்கியம். பிறகு விசும்பல்.

“குல்ல மஸாஇன் அத்ஹபு இலல் முஸ்தஷ்ஃபா.”

ஒவ்வொரு மாலையும்... அப்புறம்? மூன்று தடவை கேட்டாள். கடைசிச் சொல் அவளுக்குத் தெரியாத சொல். அந்த விசும்பல் மட்டும் தெரிந்தது. அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தானே!

மூட்டை ஏற்றும் வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. மானம் மரியாதை எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். வானொலி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

“என்னக்கா, பாட்டா?” என்று சிரித்தபடி போனைக் காதில் வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. அந்த மனிதர் வாய் மூடியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“சொல்லுங்கண்ணே!”

“தினமும் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லுதுக்கா.”

பின்னாலேயே ஓடி வந்திருந்த ஊசிவெடி மடிப்பக்காவைத் தாங்கிப் பிடித்து ஒரு மூட்டை மேல் உட்கார வைத்தாள். வானொலி அனுமதி கேட்கவில்லை. தானே போனை அமுக்கி அந்தப் பெண்ணோடு பேசினார். தாழ்ந்த குரலில், தலையை ஆட்டி ஆட்டி. அந்த ஒன்றரை நிமிடத்தில் அவள் எத்தனை பிணத்தைப் பார்த்தாளோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

“உசிருக்கு ஒண்ணும் இல்லக்கா. முதல்ல மூச்சு விடுங்க. போன ஞாயித்துக்கிழமை வேலையில ஏணி சறுக்கி விழுந்திருக்கான். தாடை எலும்பு விட்டுப் போச்சு. மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. அதான் வாயைத் திறந்து பேச முடியல. எழுத்தெல்லாம் அவன் அனுப்பினதுதான். அம்மாகிட்ட சொல்லக் கூடாது, கேட்டா தாங்க மாட்டாங்கன்னு பெண்டாட்டியைச் சத்தியம் பண்ண வெச்சிருக்கான்.”

“சத்தியமா?” என்றாள் அவள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு உடைந்து அழுதாள். மூட்டை மேல் உட்கார்ந்து, முகத்தில் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்புது. அங்க போனதும் வீடியோவுல கூப்பிடறேன்னு சொல்லுச்சு. எட்டு மணி ஆகும்” என்றார் வானொலி. பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். “இங்க நடந்தது வெளிய போகக் கூடாது.” சொன்னவர் அவர்!

ஆறரையிலிருந்து எட்டு வரை அவள் வீட்டில் நடந்ததை எப்படி எழுதுவது? அவள் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள். போன் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்தாள், ஏறியிருந்தது, மறுபடி செருகினாள். சும்மா இரு, சும்மா இரு என்று ஒரு வாரமாகச் சொன்ன கணவர் இப்போது தானே நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் மறுபடி துடைத்தார்.

“என்னங்க...”

“ஒண்ணுமில்ல. பார்வை மங்குது.”

எட்டு அடித்து ஏழு நிமிடத்துக்குப் போன் ஒலித்தது. திரையில் முதலில் ஒரு வெள்ளைச் சுவர் ஆடியது. பிறகு அவன். முகம் ஒரு பக்கம் வீங்கி, தாடையைச் சுற்றிக் கட்டு, உதடுகளுக்கு நடுவே கம்பி மினுங்க, அவள் பெற்ற பிள்ளை. கண்கள் மட்டும் பழைய கண்கள்.

“ம்ம்... ம்ம்ம்” என்றான்.

“பேசாதடா! வாயை அசைக்காத. எதுவும் சொல்லாத” என்று பதறினாள். கையால் திரையைத் தடவினாள். படம் சுருங்கிப் பெரிதாகி ஏதேதோ ஆயிற்று.

அவன் பக்கத்திலிருந்த தாளில் எழுதித் தூக்கிக் காட்டினான். ‘நீ வேலைக்குப் போறியா?’

“தாடை கட்டிக் கிடக்கிறவன் என்னைக் கேள்வி கேக்கிறானா? எழுந்து வா, அப்புறம் இருக்கு உனக்கு. ஆறு நாளு! ஆறு நாளு என்னைப் பைத்தியமா அலைய விட்டியே, பாவி!”

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து கட்டுத் துணியில் இறங்கியது. மருமகள் கை நீண்டு அதைத் துடைத்தது. பிறகு போன் அவள் பக்கம் திரும்பியது. தூங்காத கண்கள், ஒழுங்காக வாராத தலை. “உம்மீ” என்றாள். என் அம்மா.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். மடிப்பக்கா தமிழில் கேட்டாள்: “என்னம்மா குடுக்கிற அவனுக்கு? பல்லைத்தான் கட்டியாச்சே, எப்படி உள்ளே போகும்?” அந்தப் பெண் அரபியில் மளமளவென்று பதில் சொன்னாள், ஓர் உறிஞ்சு குழாயைத் தூக்கிக் காட்டினாள், கன்னத்தின் ஓரத்தைத் தொட்டு அது போகும் இடம் காட்டினாள். “சூடா குடுத்துடாத, ஆத்திக் குடு. நல்லா வடிகட்டு, கட்டி இருந்தா அடைச்சுக்கும்” என்றாள் இவள், ஊதிக் காட்டி, வடிகட்டிக் காட்டி. அவள் தலையாட்டினாள், பிறகு தன் பங்குக்கு ஏதோ புகார் சொன்னாள், கையால் கணவனைச் சுட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு. மருந்து குடிக்க மறுக்கிறானாம்! “சின்ன வயசுலயே அப்படித்தான்மா. மூக்கைப் புடிச்சு ஊத்து!” என்று இவள் கத்த, அவள் சிரித்தாள்.

இத்தனை நாள் இருவருக்கும் நடுவில் நின்று சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தவன், கட்டிய வாயோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கணவர் பின்னாலிருந்து, “நானும் கொஞ்சம் பாக்கட்டுமா?” என்றார். அவரையும் யாரும் கவனிக்கவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி வந்து நின்றாள். மகன் கை ஆட்டினான். மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். போனை வைத்துவிடுவாள் என்று மடிப்பக்கா நினைத்தாள். ஆனால் அவள் வைக்கவில்லை. நீண்ட நடைவழி, ஒரு படிக்கட்டு, பிறகு தெரு விளக்குகள். அந்தப் பெண் நடந்துகொண்டே திரையைப் பார்த்தாள், மோவாய் நடுங்கியது. ஆறு நாளாக இந்தத் தெருவில் இவள் தனியாகத்தான் நடந்திருக்கிறாள். தனியாகத்தான் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள்.

“நான் இருக்கேன், நீ நட” என்றாள் மடிப்பக்கா. “அழாத. கீழ பாத்து நட. வண்டி வருது பாரு, ஓரமா போ. சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்ட. எனக்குத் தெரியும்.”

அவள் நடந்தாள். இங்கே இவளும் போனைக் கையில் ஏந்தியபடி கூடத்துக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கணவர் காலைச் சுருக்கி வழி விட்டார். அங்கே ஒரு கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. ஒற்றைத் தட்டு மேசைக்கு வந்தது. தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து நிற்க வைத்துவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

“ம், சாப்பிடு” என்றாள் மாமியார். “நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன்.”